லேஞ்சியில் கண்ட இரத்தம்

கேள்வி: என் வாப்பாவுக்கு 64 வயது. கலகெதர டவுனில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். இளவயதில் பீடி, பிறகு சிகரட் என்று நாற்பது வருடத்துக்கு மேல் புகைத்தார். இரண்டு மாதத்துக்கு முன் வலது நுரையீரலில் புற்றுநோய் என்று கண்டியில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே பல மாதமாக இருமும்போது சளியில் இரத்தக் கோடு வந்திருக்கிறது. லேஞ்சியைத் தானே கழுவிக் காயப்போட்டு எங்களிடம் மறைத்துவிட்டார். போன கிழமை இரவு ஒரு மணி போல அரைத் தேத்தண்ணிக் கோப்பை அளவு நல்ல சிவப்பாக இரத்தம் வந்தது. உம்மா பயந்துபோய்த் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, மல்லாக்கப் படுக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் நின்றது. விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தம் ஏன் வருகிறது? திரும்ப வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இதயத்துக்காக அஸ்பிரின் குடிக்கிறார், அதை நிறுத்திவிடலாமா? நோயின் பெயரை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. என் காக்காவும் புகைப்பவர். அவருக்கும் இப்போது விடாத இருமல்.

– வாசகி, கலகெதர

பதில்: மகள், மற்றக் கேள்விகளுக்கு முன் அந்த இரவைப் பற்றிப் பேசிவிடுவோம். அப்படியொரு இரவு இன்றைக்கே திரும்பவும் வரலாம். நுரையீரல் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு அரைக் கோப்பை இரத்தம் வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. நின்றுவிட்டாலும் அந்த நேரமே புறப்பட வேண்டும். பெரிய இரத்தப்போக்கு வருவதற்குச் சில மணி நேரமோ சில நாளோ முன்னதாக, பல சமயம் இப்படியொன்று வந்து நிற்கும்.

இருமலில் இரத்தத்தைக் கண்டதும் உடம்பிலுள்ள இரத்தமெல்லாம் போய்விடுமே என்றுதான் வீட்டார் பதறுகிறார்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. அதில் அரைக் கோப்பை குறைந்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும். ஆனால் மூக்கிலிருந்து நுரையீரலின் காற்றுப் பைகள் வரை காற்று போய்வரும் குழாய்கள் எல்லாம் சேர்ந்து கொள்வது சுமார் 150 மில்லிலீற்றர்தான், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. அந்த இடத்தை இரத்தம் நிரப்பினால், அல்லது உறைந்த கட்டியொன்று பெரிய குழாயை அடைத்தால், மூச்சு நின்றுவிடும். இந்த நோயில் இரத்தப்போக்கால் உயிர் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு மூச்சடைத்துத்தான் உயிர் போகிறது. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருகிறது.

வாப்பாவுக்கு நோய் வலது பக்கம். இரத்தம் வந்தால் அவரை வலது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். நோயுள்ள பக்கம் கீழே இருக்க வேண்டும். அப்போது இடது நுரையீரலுக்குள் இரத்தம் வழிவது குறையும். அந்த நேரத்தில் அவரை உயிரோடு வைத்திருப்பது அந்த நல்ல நுரையீரல்தான். நோயுள்ள பக்கத்தை அழுத்தக் கூடாது என்று நினைத்துப் பலர் நல்ல பக்கத்தைக் கீழே போட்டுவிடுகிறார்கள். அது மிகவும் ஆபத்தானது. மல்லாக்கப் படுக்க வைத்தால் இரத்தம் இரண்டு பக்கமும் போகும். சரிந்து படுக்க முடியாமல் மூச்சு முட்டுகிறதென்றால் முன்னுக்குக் குனிந்து உட்காரட்டும். வாயில் வருவதை விழுங்காமல் துப்பட்டும். இருமலை அடக்கச் சொல்லாதீர்கள், குழாயைத் துப்புரவாக்க உடம்புக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். இருமல் சிரப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். குடிப்பது புரைக்கேறலாம். ஆஸ்பத்திரியில் உடனே குழாய்க் கமரா போட்டுப் பார்க்க வேண்டி வந்தால் வயிறு வெறுமையாக இருப்பதும் நல்லது. உம்மாவை யாரும் குறை சொல்ல வேண்டாம். இப்படியொன்று வரலாம் என்று நோயைச் சொன்ன நாளிலேயே யாராவது ஒரு வைத்தியரோ தாதியோ அவருக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

இன்றைக்கே ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்: நோய் வலது நுரையீரலில், குடிக்கும் மருந்துகள் இவை, கிளினிக் இலக்கம் இது, அம்பியுலன்ஸுக்கு 1990. சுவசெரிய அம்பியுலன்ஸ் காசு வாங்குவதில்லை. அழைத்ததும் முதல் வசனமாகவே 'புற்றுநோயாளி, இருமலில் இரத்தம் வருகிறது' என்று சொல்லுங்கள். மூச்சு முட்டுகிற நிலையில் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு நேரே கண்டிக்கு ஓடாதீர்கள். கலகெதரயிலிருந்து கட்டுகஸ்தோட்டை தாண்டிப் போய்ச் சேரும் வரை ஒட்சிசனும் இல்லை, சளி இரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் கருவியும் இல்லை. முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி. அங்கே மூச்சைச் சீராக்கிய பிறகு கண்டி தேசிய ஆஸ்பத்திரிக்கு அவர்களே அனுப்புவார்கள்.

எவ்வளவு வந்தால் என்ன செய்வது என்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். சளியில் நூல் போலக் கோடு மட்டும் என்றால் அன்றைக்கோ மறுநாளோ கிளினிக்குக்குத் தெரிவித்தால் போதும். தேக்கரண்டி அளவில் திரும்பத் திரும்ப வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். அதற்கு மேல் என்றால், அல்லது அளவு எதுவானாலும் மூச்சு வாங்கினால், தலை சுற்றினால், உதடு நீலம் பாரித்தால், மணியைப் பார்க்காமல் 1990. துப்புவதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'நிறைய வந்தது' என்று சொல்வதைவிட ஒரு படம் வைத்தியருக்கு அதிகம் சொல்லும். நுரையோடு நல்ல சிவப்பாக இருந்தால் நுரையீரலிலிருந்து வருவது. கோப்பித்தூள் போலக் கறுத்து, சாப்பாட்டோடு கலந்து வந்தால் வயிற்றிலிருந்து வருவதாக இருக்கலாம். அஸ்பிரின் குடிப்பவர்களுக்கு அதுவும் நடக்கும், அதுவும் அவசரம்தான்.

இனி, ஏன் வருகிறது என்ற கேள்வி. நுரையீரலுக்கு இரண்டு வழியாக இரத்தம் வருகிறது. ஒன்று, ஒட்சிசன் ஏற்றிக்கொள்வதற்காக இதயத்தின் வலது பக்கத்திலிருந்து வரும் பெரிய வழி. அதில் ஓடும் இரத்தம் அதிகம், அழுத்தமோ மிகக் குறைவு. மற்றது, பெருநாடியிலிருந்து கிளைவிட்டு மூச்சுக் குழாய்களின் சுவருக்கு உணவு கொண்டுபோகும் மெல்லிய நாடிகள். இதயம் தள்ளும் இரத்தத்தில் நூற்றில் ஒரு பங்களவுதான் இவற்றில் ஓடுகிறது. ஆனால் கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்க்கிறோமே, ஏறக்குறைய அந்த அழுத்தத்தில் ஓடுகிறது. இருமலில் கணிசமாக இரத்தம் வரும்போது பத்தில் ஒன்பது தடவை அது இந்த மெல்லிய நாடிகளிலிருந்தே வருகிறது.

புற்றுநோய்க் கட்டி வளர்வதற்குத் தனக்கென்று புதிய இரத்த நாளங்களை உண்டாக்கிக்கொள்கிறது என்று 1971இல் எழுதியவர் அமெரிக்க அறுவை வைத்தியர் ஜூடா ஃபோக்மன். அப்போது பலர் அதை நம்பவில்லை. இன்று அது மருத்துவ மாணவர்களின் பாடம். இந்தப் புதிய நாளங்கள் ஒழுங்கான சுவர் இல்லாதவை, கோணலானவை, ஒழுகுபவை. மழை வருகிறதென்று அவசரமாக மண் அள்ளிப் போட்ட வயல் வரம்பு எப்படித் தண்ணீர் பெருகியதும் கரைகிறதோ, அப்படித்தான் இவையும். பலமாக இருமினால், சளி பழுத்தால், கட்டியின் நடுப்பகுதி உணவு போதாமல் அழுகிக் குழிவிழுந்தால், எங்கோ ஓரிடத்தில் கசியும். கட்டி பெரிய நாளமொன்றின் சுவரையே அரித்துவிட்டால் பெரிய இரத்தப்போக்கு வரும். நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது நோய்க் காலத்தில் எப்போதாவது இருமலில் இரத்தம் வருகிறது. உயிரைப் பறிக்கும் அளவுக்கு வருவது நூற்றில் சுமார் மூன்று பேருக்கு. அந்த மூன்று பேரில் வாப்பா ஒருவரா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் சில அடையாளங்கள் உண்டு. கட்டி நெஞ்சின் நடுவில் பெரிய குழாய்களை ஒட்டி இருக்கிறதா, சி.டி. ஸ்கேனில் குழி தெரிகிறதா, திசுப் பரிசோதனையில் செதிள் கல வகை என்று வந்ததா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். ஆம் என்றால் கவனம் கூட வேண்டும். இந்த வகை முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சாட்சியும் இருக்கிறது. புதிய நாளங்களை வாடச் செய்யும் பெவாசிசுமாப் என்ற மருந்தை நுரையீரல் புற்றுநோயில் சோதித்தபோது, செதிள் கல வகையினரில் சிலருக்கு உயிர்கொல்லும் இரத்தப்போக்கு வந்தது. 2004இல் அந்த முடிவு பிரசுரமான பின் அவர்களுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதில்லை.

வருகிற இரத்தமெல்லாம் கட்டியிலிருந்துதான் என்றும் எண்ண வேண்டாம். கீமோ ஏற்றிய பத்துப் பதினான்கு நாளில் இரத்தத் தட்டுக்கள் குறையும். அந்த நாட்களில் பல் ஈறில் கசிவு, தோலில் நீலத் திட்டு, மூக்கில் இரத்தம் என்றால் உடனே காட்டுங்கள். புற்றுநோயாளிகளுக்குக் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா என்று பாருங்கள். அதற்கான மருந்து இரத்தத்தை உறையவிடாமல் செய்வது, இரத்தப்போக்குக்கு நேர் எதிரானது. ஆகவே எதையும் நீங்களே முடிவு செய்ய இடமில்லை.

அஸ்பிரின் விஷயமும் அப்படியே. இரத்தம் வரும் நாளில் அடுத்த வேளை அஸ்பிரினைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அன்றைக்கே வைத்தியரிடம் கேளுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரா, வைத்து எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்து அவர் முடிவு செய்வார். குளோபிடோக்ரெல், வோபரின் குடிப்பவர்களுக்கும் இதுதான். உங்கள் கடிதத்தில் நோவு மாத்திரை பற்றி எதுவும் இல்லை, ஆனால் நான் கேட்டுவிடுகிறேன்: வாப்பா நெஞ்சு நோவுக்கு டைக்ளோபெனக், இபுப்ரோபன் மாதிரி எதையாவது பார்மசியில் வாங்கிக் குடிக்கிறாரா? நம் ஊரில் அதைக் கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே இரத்தம் உறைவதைக் கெடுக்கும். பனடோல் போதவில்லை என்றால் கிளினிக்கில் மோர்பின் தருவார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம்.

சிகிச்சை என்று பார்த்தால், நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் நிலை இல்லை. சிறிய கசிவுக்கு ட்ரனெக்சமிக் அசிட் மாத்திரை கொடுப்பார்கள். ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானி, பிரசவத்தில் இரத்தம் போய்ச் சாகும் தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்று தன் கணவரோடு சேர்ந்து 1960களில் கண்டுபிடித்த மருந்து அது. உறைந்த இரத்தம் கரையாமல் பார்த்துக்கொள்ளும். காலில் இரத்தம் உறைந்தவர்களுக்கு அது ஆபத்தாகலாம் என்பதால் வைத்தியர் எழுதாமல் கொடுக்காதீர்கள். குழாய்க் கமராவை உள்ளே விட்டு, கசியும் இடத்தில் குளிர்ந்த சேலைனோ அட்ரினலினோ இட்டு நிறுத்தலாம். தொடையிலுள்ள நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் நாடியைத் தேடிப் பிடித்து அடைக்கும் முறையை 1970களில் பிரான்சில் ஜாக் ரெமி தொடங்கிவைத்தார். முள்ளந்தண்டு வடத்துக்குப் போகும் சிறு நாடி பக்கத்திலேயே இருக்கலாம் என்பதால் கைதேர்ந்தவர்களே செய்ய வேண்டிய வேலை. எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது.

வாப்பாவின் நிலையில் நான் முதலில் கேட்கச் சொல்வது கதிர்ச்சிகிச்சையை, அதாவது கரண்ட் பிடிப்பதை. கண்டி தேசிய ஆஸ்பத்திரியிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. இதற்காக மகரகம வரை போக வேண்டியதில்லை. நோயைக் குணமாக்கத்தான் கரண்ட் பிடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள், 'குணமாகாது என்றால் எதற்கு' என்று விட்டுவிடுகிறார்கள். இரத்தத்தை நிறுத்துவதற்காகவே சில தடவை மட்டும் கொடுக்கலாம். 1990களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டின. ஒரு கிழமை இடைவெளியில் இரண்டே தடவை கொடுத்தபோதும், பத்துத் தடவை கொடுத்ததற்குக் குறையாமல் இரத்தமும் இருமலும் அடங்கின. பத்தில் ஏழு எட்டுப் பேருக்கு இரத்தம் நிற்கிறது அல்லது நன்றாகக் குறைகிறது. பயணம் செய்யத் தெம்பில்லாத நோயாளிக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. அரைக் கோப்பை இரத்தம் வந்ததைப் புற்றுநோய் வைத்தியரிடம் சொல்லி, 'இரத்தத்துக்குக் கரண்ட் பிடிக்கலாமா' என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். பரபரப்பான கிளினிக்கில் கேட்காதவருக்குப் பல விஷயம் கிடைப்பதில்லை.

வாப்பா இன்னும் புகைக்கிறார் என்றால், சிகரட்டை இப்போதாவது விடட்டும். இனி விட்டு என்ன என்று அவர் சொல்லக்கூடும். விட்டால் சளியும் இருமலும் குறையும், சிகிச்சையையும் உடம்பு கூடுதலாகத் தாங்கும்.

நோயின் பெயரைச் சொல்லாமல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் செய்கிறார்கள், வைத்தியர்களும் அதற்குத் துணை போகிறோம். ஆனால் உங்கள் கடிதத்தையே ஒருமுறை திரும்ப வாசித்துப் பாருங்கள். பல மாதம் தன் லேஞ்சியைத் தானே கழுவிக் காயப்போட்ட மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? உங்களைப் பயப்படுத்தக் கூடாதென்று அவர் மறைக்கிறார், அவரைப் பயப்படுத்தக் கூடாதென்று நீங்கள் மறைக்கிறீர்கள். நடுவில் இரத்தக் கோட்டைச் சொல்ல யாருமில்லாமல் போகிறது. அவருக்கு நோயைச் சொல்வது வெறும் தர்மத்துக்காக இல்லை. சிறிய கசிவை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்கிற நோயாளிக்குத்தான் கரண்ட் பிடிக்கவும், மருந்தை மாற்றவும் காலம் கிடைக்கிறது. ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். 'வாப்பா, உங்கள் நோயைப் பற்றி நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவரே தொடங்குவார். எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவர் விரும்புகிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் வைத்தியரைச் சொல்லச் சொல்லி, பக்கத்தில் இருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நோய் முற்றிய பிறகு பெரிய இரத்தப்போக்கு வந்தால் அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். அப்போது எந்த அம்பியுலன்ஸும் நேரத்துக்கு வராது. அந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா, வீட்டிலேயே இருக்க வேண்டுமா என்பதை இப்போதே வைத்தியரோடும், முடிந்தால் வாப்பாவோடும் பேசி முடிவெடுங்கள். வீட்டில் என்றால், மயக்கமும் அமைதியும் தரும் மிடசோலம் அல்லது மோர்பின் வைத்திருக்கலாமா, யார் எப்படிக் கொடுப்பது என்று நோய் தணிப்புச் சிகிச்சை செய்பவர்களிடம் கேளுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கடும் நிறத் துவாய்கள் இரண்டு மூன்று வையுங்கள், கறுப்போ கருநீலமோ. வெள்ளைத் துணியில் பரவும் சிவப்பைக் கண்டு நோயாளிதான் முதலில் பயந்துபோகிறார். மருந்தைத் தேடி, கிண்ணத்தைத் தேடி எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினால் அவர் தனியாகிவிடுவார். ஒருவர் மட்டும் எழும்பாமல் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்து, கலிமாவை மெல்ல ஓதிக்கொண்டிருக்கட்டும். அந்த ஒருவர் யார் என்று உங்களுக்குள் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வேறு அறைக்குக் கூட்டிப்போவது யார் என்பதையும். இதை எழுத எனக்கு மனம் கஷ்டப்படுகிறது. ஆனால் பேசி வைத்த வீட்டில் பீதி குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பேசி வைத்த பலருக்கு அந்த நிலை வராமலே போயும் இருக்கிறது.

உங்கள் காக்காவைப் பற்றி. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் புகைக்கிறவரோ இல்லையோ, சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும். கண்டி மார்பு நோய் கிளினிக்கில் காசநோய்க்கான பரிசோதனைக்குக் காசு இல்லை. இரத்தமும் வந்தால் நம் நாட்டில் முதலில் காசநோயையே நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். பழைய காசநோய்த் தழும்பும், மூச்சுக் குழாய் அகன்று சளி தேங்கும் நோயும் இரத்தம் வரவழைக்கும். வயலில் இறங்கி வேலை செய்தவர் என்றால், காய்ச்சலோடு வரும் இரத்தம் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், அது ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாதது. ஆனால் சளியில் காசநோய்க் கிருமி காணாமல், சந்தேகத்தின் பேரில் மட்டும் மருந்தைத் தொடங்கி, ஆறு மாதம் குடித்து முடித்த பிறகு புற்றுநோய் என்று தெரியவந்த ஆட்களை நான் கண்டிருக்கிறேன். அந்த ஆறு மாதத்தை யாரும் திருப்பித் தர முடியாது. நாற்பது வயது தாண்டிப் புகைக்கும் ஒருவருக்கு இருமலில் ஒரே ஒரு தடவை இரத்தம் வந்திருந்தாலும், எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்பதோடு விடக் கூடாது. இதயத்துக்குப் பின்னாலும் பெரிய குழாய்க்குள்ளும் ஒளிந்திருக்கும் சிறு கட்டி எக்ஸ்ரேயில் விழாமல் போகலாம். சி.டி. ஸ்கேன் கேளுங்கள். சிகரட்டை விடத் தனியாகப் போராட வேண்டியதில்லை, 1948 என்ற இலக்கத்தை அழைத்தால் ஆலோசனை தருவார்கள். முப்பது வயதில் விட்டவர் சுமார் பத்து வருட ஆயுளையும், ஐம்பதில் விட்டவர் ஆறு வருடத்தையும், அறுபதில் விட்டவர்கூட மூன்று வருடத்தையும் மீட்டுக்கொள்கிறார் என்று பிரித்தானிய வைத்தியர்களை ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டோல் 2004இல் எழுதினார். காக்கா இந்தக் கிழமையே போகட்டும். தன் லேஞ்சியில் எப்போதாவது சிவப்பு கண்டாரா என்று போவதற்கு முன் நீங்களே அவரிடம் கேளுங்கள். கண்டிருந்தால் கிளினிக்கில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லச் சொல்லுங்கள்.